லிமோன்: இரயில் பாதை ஈன்ற மாநிலம்

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் குறுகிய நிலப்பகுதியில், நிக்கராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையே அமைந்துள்ள சிறு குடியரசு கோஸ்த்தா ரிக்கா. அதன் மேற்கெல்லை பசிபிக் மாக்கடல். கிழக்கெல்லை கரிபியக் கடல். ஏழு மாநிலங்களைக் கொண்ட அந்நாட்டின் கரிபியக் கரை முழுவதும், ஏறத்தாழ 212 கிலோமீட்டர், ஒரே மாநிலத்துக்கு உரியது. அதுவே லிமோன். தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கும் ஊருக்கும் அதே பெயர்தான். ஸ்பானிய மொழியில் லிமோன் என்பது எலுமிச்சையைக் குறிக்கும். பெயரைக் கேட்டு இது ஏதோ பழத்தோட்டச் சிற்றூர் என்று எண்ணிவிடுதல் கூடாது. ஒரு நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்த மக்கள் அந்நாட்டின் குடிமக்கள் ஆவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் காத்திருந்த இடம் அது.

மாநிலத்தின் பரப்பு 9,188 சதுர கிலோமீட்டர். மேற்கே தலமாங்கா மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான சிரிப்போ, 3,820 மீட்டர் உயரத்துடன், லிமோன் உள்ளிட்ட மூன்று மாநிலங்களின் எல்லைகள் கூடும் இடத்தில் உள்ளது. வடக்கெல்லையில் சான் ஹுவான் ஆறு. தெற்கெல்லையில் சிக்ஸாவோலா ஆறு. மலைக்கும் கடலுக்கும் நடுவே தாழ்ந்த சமவெளி. ரெவென்தசோன், பக்குவாரே, மத்தீனா முதலிய ஆறுகள் மலையிலிருந்து கொணர்ந்து குவித்த வண்டல் மண்ணே அச்சமவெளி. அங்கே மழையில்லாத மாதம் என்று ஒன்று இல்லை. வடபகுதியில் நீர்க்கால்கள் பின்னிப் பிணைந்த தொர்துகேரோ. அதன் மணற்கரையில் கடலாமைகள் முட்டையிடும். தென்பகுதியில் பவளப் பாறைகள் சூழ்ந்த கவீத்தா. வண்டல் மண் வாழைக்கு ஏற்றது; தேங்கிய நீர் கொசுவுக்கு ஏற்றது. லிமோனின் பின்னாளைய வரலாற்றை இவ்விரண்டும் சேர்ந்தே வகுத்தன.

கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தின்போது, 1502ஆம் ஆண்டு செப்டம்பரில், இக்கரையை வந்தடைந்தார். இன்றைய நகருக்கு எதிரே கடலுக்குள் தெரியும் உவீத்தா என்னும் சிறு தீவின் அருகே அவருடைய கப்பல்கள் நங்கூரமிட்டன. கரையிலிருந்த ஊரை அவர் காரியாய் என்று குறித்தார். ஆயினும் ஸ்பானியர் இங்கு எளிதில் காலூன்ற இயலவில்லை. 1605இல் அவர்கள் நிறுவிய சந்தியாகோ தெ தலமாங்கா என்னும் நகரை, ஐந்தே ஆண்டுகளில் மலைவாழ் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்து அழித்தனர். நூறாண்டு கழித்து, 1709இல், பாப்லோ பிரெஸ்பெரே என்னும் தலைவர் மீண்டும் ஒரு பெருங்கிளர்ச்சியை நடத்தினார். அவர் பிடிபட்டு, 1710ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அன்றைய தலைநகரான கார்த்தாகோவில் கொல்லப்பட்டார். அவரோடு சிறைப்பட்ட நூற்றுக்கணக்கானோர் மலை கடந்து நடத்திச் செல்லப்பட்டனர். பலர் வழியிலேயே மாண்டனர். பிரிபிரி, கபேக்கர் என்னும் அப்பழங்குடியினர் இன்றும் தம் மொழிகளைப் பேசிக்கொண்டு தலமாங்கா மலைகளில் வாழ்கின்றனர்.

மலையை வெல்லமுடியாத ஸ்பானியர், மத்தீனா ஆற்றோரத்தில் மட்டும் கொக்கோ பயிரிட்டனர். தோட்டங்களின் உரிமையாளர் கார்த்தாகோவின் குளிர்ந்த மேட்டு நிலத்தில் வசித்தனர். காய்ச்சல் மிகுந்த தாழ்நிலத்தில் வேலை செய்தோர் ஆப்பிரிக்க அடிமைகள். நாணயத் தட்டுப்பாடு மிகுந்த அக்காலத்தில் கொக்கோ விதையே கோஸ்த்தா ரிக்காவில் பணமாகச் செல்லுபடியாயிற்று. விளைச்சலைக் கொள்ளையிட நிக்கராகுவாக் கரையிலிருந்து மிஸ்கித்தோ மக்கள் படகுகளில் வந்தனர். பின்னர் ஆண்டுதோறும் திறையும் பெற்றனர். பணம் படைத்தவர் மலைமேல், பாடுபடுவோர் கடலோரத்தில் என்னும் முறை அன்றே தொடங்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி வந்தது. சான் ஹோசே நகரைச் சூழ்ந்த நடுமேட்டு நிலத்தில் விளைந்த காப்பியை விரும்பி வாங்கியது இங்கிலாந்து. ஆனால் வழியோ நேர்மாறானது. மாட்டு வண்டிகள் காப்பி மூட்டைகளை மேற்குக் கரையிலுள்ள புந்தரேனாஸ் துறைக்குக் கொண்டு சென்றன. அங்கிருந்து கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவை அடைந்தன. கிழக்கே கரிபியக் கரைக்கு ஒரு பாதை அமைந்தால் எவ்வளவு தொலைவு மிச்சமாகும் என்பதை உலகப் படத்தை ஒருமுறை நோக்குவார் எவரும் உணர்வர். 1870இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் தொமாஸ் குவார்தியா அப்பாதையை அமைத்தே தீருவது என்று உறுதி கொண்டார். பெரு நாட்டில் மலை இரயில் பாதைகள் அமைத்துப் புகழ்பெற்ற அமெரிக்கர் ஹென்றி மெய்க்ஸ் என்பாருடன் 1871இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பணத்துக்கு இலண்டனில் கடன் வாங்கப்பட்டது. 1871, 1872ஆம் ஆண்டுகளின் இரு கடன்களின் முகமதிப்பு 34 இலட்சம் பவுன். தரகும் கழிவும் போக நாட்டின் கைக்கு வந்தது ஏறத்தாழ 10 இலட்சம் பவுன்தான். வட்டியோ முழுத் தொகைக்கும் கட்டவேண்டியிருந்தது. கடன் கொடுத்தவர் நாட்டைக் காத்தார் என்று எழுதும் நூல்கள் இக்கணக்கையும் உடன் எழுதுதல் நன்று.

சான் ஹோசேயிலிருந்து லிமோனுக்கு இரயில் பாதையின் நீளம் 170 கிலோமீட்டருக்கும் குறைவு. அதை முடிக்க 19 ஆண்டுகள் ஆயின. கடலோரச் சதுப்பில் போட்ட மண் மழையில் கரைந்தது. கட்டிய பாலங்களை ஆறுகள் அடித்துச் சென்றன. மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. முதல் 25 மைல் தூரத்தில் மட்டும் 4,000 பேர் இறந்தனர் என்பது வழிவழியாகக் கூறப்பட்டு வரும் கணக்கு. ஹென்றி மெய்க்ஸின் மருமகனும் பின்னர்ப் பணியின் தலைமையை ஏற்றவருமான மைனர் கூப்பர் கீத், தம் உடன்பிறந்தார் மூவரை அங்கே இழந்தார். அவர்களுடைய பெயர்களை வரலாறு குறித்து வைத்துள்ளது. தண்டவாளத்தின் ஓரத்திலேயே புதையுண்ட மற்றவருடைய பெயர்கள் அவ்வாறு குறிக்கப்படவில்லை.

மேட்டு நிலத்து மக்கள் இந்த வேலைக்கு வர மறுத்தனர். அவர்களுக்குச் சிறிதேனும் சொந்த நிலம் இருந்தது. காய்ச்சலுக்கு அஞ்சவும் செய்தனர். எனவே ஆட்கள் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். ஜமைக்காத் தொழிலாளரை ஏற்றிய முதற் கப்பல் 1872ஆம் ஆண்டு டிசம்பரில் லிமோனை அடைந்தது. அடுத்த ஆண்டு சீனத் தொழிலாளர் 600க்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் நடத்தப்பட்ட முறை அடிமைத்தனத்துக்கு அணித்தானது. ஒப்பந்தத்தை விட்டு ஓடியவர்கள் வேட்டையாடிப் பிடிக்கப்பட்டனர். 1897இல் சீனர் குடிபுகுவதையே அரசு தடை செய்தது. 1880களின் இறுதியில் வடஇத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர், உணவும் கூலியும் சரியில்லை என்று 1888இல் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டின் முதற் பெரும் வேலைநிறுத்தமாக அது மதிக்கப்படுகிறது. அவருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். ஜமைக்காவில் ஒப்பந்தத்தில் இறக்கப்பட்டிருந்த இந்திய வமிசத்தாரில் சிலரும் லிமோனுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களை அவ்வூரார் 'கூலி' என்றே அழைத்தனர். தமிழ்க் 'கூலி'யோடு உறவுடையது எனப் பல அகராதிகள் கூறும் அச்சொல், உழைப்பின் விலையைக் குறித்த நிலை மாறி, உழைப்பவனின் சாதிப்பெயர்போல் ஆகி, உலகின் மறுகோடியிலும் போய் நின்றது.

இறுதிவரை நின்றவர்கள் ஜமைக்காவினர். பணம் தீர்ந்து, மாதக்கணக்கில் சம்பளம் நின்றபோதும் அவர்களிற் பலர் அங்கேயே தங்கினர். காடழித்த இடத்தில் வாழை நட்டனர். கீத் அந்த வாழையில் பொருள் இருப்பதைக் கண்டார். சரக்கின்றிக் கிடந்த அரைகுறை இரயில் பாதைக்கு வாழைத்தாரே சரக்காயிற்று. லிமோனிலிருந்து அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வாழை ஏற்றுமதி தொடங்கியது. காப்பிக்காகப் போட்ட பாதை வாழையால் பிழைத்தது விந்தையே.

1884இல் அமைச்சர் பெர்னார்தோ சோத்தோவுக்கும் கீத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம் லிமோனின் தலைவிதியை எழுதியது. கீத் இலண்டன் கடனைச் சீர்செய்து பாதையை முடிக்கவேண்டும். அதற்கு ஈடாகப் பாதையின் பயன் 99 ஆண்டுகளுக்கும், அரசு நிலம் 8 இலட்சம் ஏக்கரும் அவர் தரப்பினருக்குச் சேரும். அந்நிலம் நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. 1890ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் இரயில் முழுத்தூரமும் ஓடியது. 1899இல் கீத்தின் தோட்டங்களும் பாஸ்டன் நகரத்துப் பழ வாணிக நிறுவனமும் இணைந்து யுனைடெட் புரூட் கம்பெனி பிறந்தது. 1913இல் கோஸ்த்தா ரிக்கா ஏற்றுமதி செய்த வாழைத்தார்கள் ஒரு கோடிக்கும் மேல். அவற்றை விளைவித்த தோட்டம், ஏற்றிய இரயில், இறக்கிய கப்பல்தளம், கொண்டு சென்ற கப்பல், தொழிலாளி அரிசி வாங்கிய கடை, அவன் நோயுற்றபோது படுத்த மருத்துவமனை ஆகிய யாவும் அக்கம்பெனியைச் சார்ந்தே இருந்தன.

இக்காலத்து லிமோன் நகரம் கோஸ்த்தா ரிக்காவின் மண்ணில் இருந்ததேயன்றி அந்நாட்டின் நகரமாக இருக்கவில்லை. தெருவில் ஆங்கிலம் ஒலித்தது. வீட்டில் ஜமைக்கா வழக்கினின்று கிளைத்த ஆங்கிலக் கிரியோல். 'மெக்கதேலியு' என்பது அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று, 'உனக்கொன்று சொல்கிறேன்' என்னும் பேச்சுத்தொடரிலிருந்து வந்தது. பாப்திஸ்து, ஆங்கிலிக்கன், மெதடிஸ்து திருச்சபைகள் எழுந்தன. அவற்றின் நிழலில் ஆங்கிலப் பள்ளிகள் நடந்தன. தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் அவரையும் ஞாயிற்றுக்கிழமை உணவு. பெரும்பாலோர் தம்மை ஆங்கில மன்னரின் குடிகளாகவே கருதினர். சிறிது பணம் சேர்த்ததும் தீவுக்குத் திரும்பிவிடுவது என்பதே அவர்களது எண்ணம். அவ்வாறு எண்ணிக்கொண்டே அவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தனர்.

1910இல் ஜமைக்கா இளைஞர் ஒருவர் இங்கு வந்து வாழைத் தோட்டத்தில் வேலைநேரக் கணக்கராக அமர்ந்தார். தொழிலாளர் படும் துயரைக் கண்டு பொறாது, சிறு செய்தித்தாள் ஒன்றை நடத்தி, அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டு வெளியேறினார். அவரே பின்னாளில் உலகக் கறுப்பின மக்களை ஒன்றுதிரட்ட முயன்ற மார்க்கஸ் கார்வி. அவர் 1921இல் மீண்டும் லிமோனுக்கு வந்தபோது அவ்வூர் அவரைத் தலைவராகவே வரவேற்றது. அடுத்த ஆண்டு அவருடைய இயக்கத்துக்கென லிமோனில் மரத்தாலான மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அவ்வியக்கத்தின் கப்பல் நிறுவனத்தின் பெயரால் 'பிளாக் ஸ்டார் லைன்' என்றே அது வழங்கலாயிற்று.

1927ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கோஸ்த்தா ரிக்காவில் வாழ்ந்த கறுப்பினத்தவர் 19,000க்கும் மேல். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதிகமானோர் லிமோனிலேயே இருந்தனர். இதற்குக் காரணம் என்ன? கறுப்பினத்தவர் துரியல்பா என்னும் மலையூரைத் தாண்டி மேற்கே செல்லலாகாது என்று ஒரு சட்டம் இருந்ததாக லிமோனில் தலைமுறை தலைமுறையாகக் கூறுவர். ஆய்ந்து பார்த்த வரலாற்றாசிரியர்கள் அப்படியொரு சட்ட வாசகத்தைக் கண்டதில்லை. எனினும் மக்கள் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. எழுதப்படாத தடை எழுதப்பட்டதைவிட வலியது. மேலே சென்றவனுக்கு வேலையும் கிடையாது, தங்க இடமும் கிடையாது, பார்வைகளும் ஏச்சுகளும் உண்டு எனும்போது சட்டம் எதற்கு?

எழுதப்பட்ட சட்டமும் வராமற் போகவில்லை. 1930களில் உலக வாணிகம் சரிந்தது. பனாமா நோய் என்னும் பூஞ்சை வாழைத் தோட்டங்களை அழித்துவந்தது. 1934ஆம் ஆண்டு ஆகஸ்டில் லிமோன் தோட்டங்களில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ரொக்கச் சம்பளம், தகுந்த குடியிருப்பு, மருந்து ஆகியன அவர்களின் கோரிக்கைகள். முன்னின்றவர்களுள் ஒருவரான கார்லோஸ் லூயிஸ் பாயாஸ், தாம் கண்டவற்றை வைத்து 1941இல் 'மமீத்தா யுனாய்' என்னும் நாவலை வெளியிட்டார். கம்பெனியோ நோயால் வளமிழந்த லிமோனைக் கைவிட்டு, பசிபிக் கரையில் புது நிலம் தேடியது. அதற்கான உடன்பாட்டை ஒட்டி 1934 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பசிபிக் பகுதித் தோட்ட வேலையில் 'நிறமுடைய மக்களை' அமர்த்துவதைத் தடை செய்தது. அறுபது ஆண்டு உழைத்த மக்களை விட்டுவிட்டுத் தொழில் மட்டும் மேற்கே போயிற்று. பழுதுபட்ட நிலமும், குறைந்துபோன இரயிலும், கடவுச்சீட்டின்மையும் அவர்கள் பங்காக எஞ்சின.

கடவுச்சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். லிமோனிற் பிறந்த குழந்தை, பெற்றோர் அந்நியர் ஆனமையால் தானும் அந்நியனாகவே எண்ணப்பட்டது. வயது வந்தபின் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். ஆனால் அதற்குரிய தாள்களும் அலுவலகங்களும் ஸ்பானிய மொழியும் தோட்டத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்தன. மறுபுறம், பார்த்தறியாத ஜமைக்காவுக்கு அவன் உரியவன் என்று சொல்வதற்கும் வலுவில்லை. இப்படி இரண்டு கொடிகளுக்கும் இடையே ஒரு தலைமுறை முழுவதும் நின்றது. சிலர் கொக்கோ தோட்டம் போட்டுக் காலூன்றினர். இளைஞர் பலர் பனாமாக் கால்வாய்ப் பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர்.

1948இல் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதில் வென்ற ஹோசே பிகேரெஸ், படையையே கலைத்துவிட்ட தலைவர் என்று உலகால் நினைக்கப்படுபவர். லிமோன் அவரை நினைப்பது வேறு காரணத்துக்காக. தங்கள் ஊருக்கு வந்து தங்களோடு ஆங்கிலத்தில் பேசிய தலைவர் அவர். 1949இல் 1934ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது; அந்நாட்டிற் பிறந்த கறுப்பினத்தவர்க்குக் குடியுரிமையின் வாயில் திறந்தது. இதனை ஒரு தலைவரின் கொடை என்று பாடுவது முழுமையாகப் பொருந்தாது. புதிய கட்சிக்கு லிமோனின் வாக்குகளும் தேவைப்பட்டன. 1953இல் அலெக்ஸ் கர்லிங் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. குடியுரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஆங்கிலப் பள்ளிகள் நலிந்தன. பிள்ளைகள் ஸ்பானியப் பள்ளிகளுக்குச் சென்றனர். தாத்தாவின் மொழி பேரனுக்குத் தெருமொழியாகச் சுருங்கிற்று. இந்த இரு உலக வாழ்வைக் குவின்ஸ் டங்கன் போன்ற எழுத்தாளர்கள் ஸ்பானிய மொழியிலேயே எழுதலாயினர். கவீத்தா ஊரினரான வால்டர் பெர்குசன் மட்டும் தம் கலிப்ஸோ பாடல்களை அதே கிரியோலில் பாடி, ஒலிநாடாவில் தாமே ஒவ்வொன்றாகப் பதிந்து, வருவோர் போவோர்க்கு விற்றுக்கொண்டிருந்தார். 2023இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 103.

இயற்கையும் லிமோனை விட்டுவைக்கவில்லை. 1978 முதல் பரவிய மொனிலியா என்னும் பூஞ்சை நோய், கறுப்பினக் குடும்பங்கள் அரும்பாடுபட்டு வளர்த்த கொக்கோ தோட்டங்களை வீழ்த்தியது. நிலங்கள் பல கைமாறின. 1987இல் மலைக்காட்டை ஊடறுத்துப் புதிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் இரயிலின் தேவை குறைந்தது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், ரிக்டர் அளவில் ஏழரைக்கும் மேற்பட்ட நிலநடுக்கம் மாநிலத்தை உலுக்கியது. கோஸ்த்தா ரிக்காவில் மட்டும் 48 பேர் இறந்தனர். லிமோன் நகரருகே கடற்கரை ஒன்றரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து, கடலுக்கடியில் இருந்த பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. தண்டவாளங்கள் பாம்புபோல் வளைந்தன, பாலங்கள் விழுந்தன. 1995இல் நாட்டின் இரயில் சேவையையே அரசு நிறுத்தியது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஹோசே பிகேரெஸின் மகன்.

2015இல் அரசியலமைப்பின் முதல் விதி திருத்தப்பட்டு, கோஸ்த்தா ரிக்கா பல்லினப் பல்பண்பாட்டுக் குடியரசு என்று எழுதப்பட்டது. 2018இல், ஜமைக்காப் பாட்டியின் பேத்தியான எப்சி காம்பெல் நாட்டின் துணைத் தலைவரானார். இவ்விரண்டுக்கும் நடுவே, 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், கார்வி இயக்கத்தின் மரக்கட்டடம் தீக்கிரையாகி ஒரே காலையில் சாம்பலாயிற்று.

நகருக்குச் சற்று மேற்கே மொயின் என்னும் இடத்தில், கடலுக்குள் செயற்கைத் தீவு ஒன்றை எழுப்பி அமைத்த சரக்குப்பெட்டி முனையம் 2019இல் இயங்கத் தொடங்கியது. துறைமுகத் தொழிற்சங்கம் அதனைப் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடியது. அதன் அச்சம் காரணமற்றதன்று. நாட்டின் கடல்வழி வாணிகத்தில் பெரும்பகுதி இன்றும் லிமோன் மாநிலத்தின் வழியாகவே செல்கிறது; எனினும் வறுமையும் வேலையின்மையும் நாட்டின் சராசரியைவிட அங்கே மிகுதி. வாழையும் அன்னாசியும் குளிர்பெட்டிகளில் ஏறி மொயினிலிருந்து புறப்படுகின்றன. பழைய லிமோன் துறையில் உல்லாசப் பயணக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பயணிகள் இறங்கிச் சந்தையையும் கடற்கரைப் பூங்காவையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுகின்றனர்.